நின்றுபோகாமல் தளரும் வலையமைப்பு

எதிர்பார்க்கத்தக்க வேகம்

வீட்டிலுள்ள இரண்டு கணினிகளைக் கேபிளால் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை நகலெடுக்கும்போது வேகம் குறைவாக இருப்பதாகத் தோன்றினால், முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது அந்த இணைப்பின் உச்சவரம்பு எவ்வளவு என்பதே. உச்சவரம்பு தெரியாதவருக்கு விநாடிக்கு 11 மெகாபைட் என்பது நல்ல வேகமாகத் தோன்றலாம். 110 மெகாபைட் என்பது ஏமாற்றமாகவும் தோன்றலாம். உண்மையில் முதலாவது எண் ஒரு பழுதின் அடையாளம்; இரண்டாவது, ஏறத்தாழ முழு ஆரோக்கியத்தின் அடையாளம். இணைய நிறுவனத்திடம் பெற்ற திட்டத்தின் வேகத்துக்கும் இந்த எண்களுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் தரவு வெளி இணைப்பைத் தொடுவதே கிடையாது.

இன்று வீடுகளில் பரவலாக உள்ள கிகாபிட் ஈத்தர்நெட், விநாடிக்கு 1000 மெகாபிட் என்னும் வேகத்தில் இயங்குகிறது. கருவிகளின் பெட்டிகளில் வேகம் பிட் கணக்கில் அச்சிடப்படுகிறது. நகலெடுக்கும் சாளரமோ அதைப் பைட் கணக்கில் காட்டுகிறது. எட்டுப் பிட் ஒரு பைட் ஆதலால் 1000 மெகாபிட் என்பது 125 மெகாபைட். எனினும் இந்த 125-ம் முழுமையாகக் கோப்புக்குக் கிடைப்பதில்லை, ஏனெனில் ஈத்தர்நெட் தரவைச் சட்டகங்கள் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரித்தே அனுப்புகிறது, ஒவ்வொரு சட்டகமும் தன்னுடன் ஒரு சுமையைச் சேர்த்துக்கொண்டு செல்கிறது.

வழக்கமான சட்டகம் ஒன்றின் உள்ளடக்கம் 1500 பைட். அதற்கு முன்னால் பெறும் கருவியை ஆயத்தப்படுத்தும் 8 பைட், முகவரிகளைத் தாங்கிய 14 பைட், பின்னால் பிழை கண்டறிவதற்கான 4 பைட், அடுத்த சட்டகத்துக்கு முன் கட்டாயமாக விடப்படும் 12 பைட் அளவிலான இடைவெளி ஆகியவற்றைக் கூட்டினால் மொத்தம் 1538 பைட் ஆகிறது. உள்ளடக்கமான 1500-லும், முகவரியிட்டு வழிநடத்தும் ஐபி நெறிமுறை 20 பைட்டையும், தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா எனச் சரிபார்க்கும் டிசிபி நெறிமுறை 20 பைட்டையும், நேர முத்திரை இயக்கப்பட்டிருந்தால் மேலும் 12 பைட்டையும் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சுவது 1448 பைட். 1538-ல் 1448 என்னும் விகிதத்தைக் கணக்கிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 941 மெகாபிட், அதாவது 117.7 மெகாபைட் கிடைக்கிறது. விண்டோஸ் ஒரு மெகாபைட்டை 10,48,576 பைட் எனக் கொள்வதால் அதன் திரையில் இதே வேகம் 112 என்றுதான் தெரியும். நேர முத்திரை இல்லையெனில் 113 வரை ஏறலாம். ஆரோக்கியமான கிகாபிட் இணைப்பில் பெரிய கோப்பு ஒன்று நகரும்போது காணத்தக்க எண் இதுதான்.

எண்ணே சாட்சி

கோப்புப் பரிமாற்றத்தில் தரவு ஒரு கணினியின் வட்டிலிருந்து நினைவகத்துக்கும், அங்கிருந்து பிணைய அட்டைக்கும், கேபிள் வழியாக, கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சுக்கும், மறுபடி கேபிள், பிணைய அட்டை, நினைவகம் வழியாக மறு கணினியின் வட்டுக்கும் செல்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மிக மெதுவானதோ, முழுச் சங்கிலியின் வேகமும் அதுவே. ஒவ்வொரு கண்ணிக்கும் தனக்கே உரிய உச்சவரம்பு இருப்பதால், திரையில் தெரியும் எண் பெரும்பாலும் குற்றவாளி யார் என்பதைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

வேகம் 11.2 அல்லது 11.3 மெகாபைட்டில் அசையாமல் நின்றால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 1000-க்குப் பதிலாக 100 மெகாபிட்டில் இயங்குகிறது என்று ஏறத்தாழ உறுதியாகக் கூறலாம், ஏனெனில் மேலே கண்ட அதே கணக்கைப் பத்தால் வகுத்தால் வருவது இந்த எண்தான். வேகம் 30 முதல் 40 வரை நிலையாக நின்றால், 2000-ம் ஆண்டில் வெளிவந்த யுஎஸ்பி 2.0 வழியாக இணைக்கப்பட்ட வட்டு ஒன்று இடையில் இருக்க வாய்ப்பு அதிகம். 480 மெகாபிட் எனக் குறிக்கப்படும் அந்த இணைப்பு நடைமுறையில் தரக்கூடியது அவ்வளவே. தொடக்கத்தில் 112-ல் ஓடிச் சிறிது நேரத்துக்குப் பின் சட்டென்று வீழ்ந்தால், பெறும் கணினியின் நினைவகமோ திடநிலை வட்டின் வேகமான இடைச்சேமிப்புப் பகுதியோ நிரம்பிவிட்டது, இனி வட்டின் உண்மையான எழுதும் வேகம்தான் தெரிகிறது என்று பொருள். எண் ஓரிடத்தில் நில்லாமல் ஏறி இறங்கி, இடையிடையே சுழியத்தைத் தொட்டு மீண்டால், சட்டகங்கள் வழியில் தொலைகின்றன என்று ஐயுற வேண்டும்.

இந்த வேறுபாடு நேரத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். குடும்பக் காணொளிகள் அடங்கிய 50 கிகாபைட் தொகுப்பு, முழு வேகத்தில் இயங்கும் கிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 7 நிமிடங்களில் போய்ச் சேரும்; அதே இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தால் 70 நிமிடங்களுக்கு மேலாகும். இரண்டு நிலைகளிலும் விளக்குகள் எரியும், கோப்பு பழுதின்றிப் போய்ச் சேரும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எட்டுக் கம்பிகளில் ஒன்று

100 மெகாபிட்டுக்கு இறங்கும் இந்தப் பழுது எப்படி ஏற்படுகிறது என்பதை நுணுக்கமாகப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் வீட்டு வலையமைப்புகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுவே. லேன் கேபிளின் உறைக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக உள்ளன. 1995-ல் வந்த 100 மெகாபிட் தரநிலை அவற்றில் இரண்டு இணைகளை மட்டுமே, அதாவது பிளக்கின் 1, 2, 3, 6 ஆகிய முனைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. ஓர் இணை அனுப்புவதற்கு, மற்றொன்று பெறுவதற்கு. 1999-ல் வந்த கிகாபிட் தரநிலை நான்கு இணைகளையும் ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் பயன்படுத்துகிறது. ஒவ்வோர் இணையிலும் விநாடிக்கு 12.5 கோடிக் குறியீடுகள் செல்கின்றன. ஒவ்வொரு குறியீடும் ஐந்து மின்னழுத்த நிலைகளில் ஒன்றாக இருந்து இரண்டு பிட் தகவலைச் சுமப்பதால், ஓர் இணைக்கு 250 மெகாபிட் வீதம் மொத்தம் 1000 மெகாபிட் ஆகிறது. தான் அனுப்புவதும் மறுமுனை அனுப்புவதும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், பிணைய அட்டையிலுள்ள சில்லு தன் சொந்த எதிரொலியைக் கழித்துவிட்டு மறுமுனையின் குரலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கேபிளைச் செருகியவுடன் இருமுனைக் கருவிகளும் சிறு துடிப்புகளை அனுப்பித் தத்தம் திறன்களை அறிவித்து, இருவருக்கும் பொதுவான மிக உயர்ந்த வேகத்தைத் தேர்ந்துகொள்கின்றன. தானியங்கி உடன்பாடு எனத்தக்க இந்தச் செயல் 1, 2, 3, 6 முனைகளிலேயே நடந்துவிடுகிறது. எட்டுக் கம்பிகளையும் பிளக்கில் வரிசைப்படுத்திக் கிரிம்பிங் கருவியால் அழுத்தும்போது, பிளக்கிலுள்ள சிறு உலோகப் பற்கள் ஒவ்வொரு கம்பியின் உறையையும் துளைத்துச் செம்பைத் தொட வேண்டும். வெள்ளை-பழுப்புக் கம்பி ஒரு மில்லிமீட்டர் குட்டையாக வெட்டப்பட்டுவிட்டால், ஏழாவது பல் வெறும் காற்றைத் துளைத்து நிற்கும். அப்போது இரு கருவிகளும் கிகாபிட்டுக்கு உடன்படும், நான்காவது இணையில் குரல் கேட்காமல் தோற்கும், சில முறை முயன்ற பின் பல சில்லுகள் தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கி இணைப்பை நிலைநிறுத்தும். வீட்டார் காண்பது எரியும் விளக்கையும் திறக்கும் இணையப் பக்கங்களையும் மட்டுமே.

கம்பிகள் முறுக்கப்பட்டிருப்பதன் நோக்கம் வெளிக் குறுக்கீட்டைக் குறைப்பது. இணையின் இரு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறுவதால், பெறும் கருவி இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது இரைச்சல் நீங்கிவிடுகிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே தொலைபேசிக் கம்பிகளுக்காகக் காப்புரிமை பெற்ற உத்தி இது. பிளக்கில் கம்பிகளை அடுக்கும் வரிசை விந்தையாகத் தோன்றினாலும், ஒவ்வொரு குறிகையும் ஒரே முறுக்கில் செல்ல அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். பரவலாக உள்ள வரிசையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என நிறங்கள் அமைகின்றன. பச்சை இணையின் இரு கம்பிகளும் மூன்றாம் ஆறாம் இடங்களில் பிரிந்து நின்று நீல இணையை நடுவில் ஏந்துகின்றன. இதை அறியாத ஒருவர் நிறங்களை இணை இணையாக, அடுத்தடுத்து, இரு முனைகளிலும் ஒரே மாதிரி அடுக்கிவிட்டால், மூன்றாம் முனையில் பச்சை இணையின் ஒரு கம்பியும் ஆறாம் முனையில் நீல இணையின் ஒரு கம்பியும் வந்து, ஒரே குறிகை வெவ்வேறு முறுக்குகளில் பயணிக்கும். முறுக்கின் பயன் அங்கே அற்றுப்போகும். விலை குறைந்த கேபிள் சோதனைக் கருவியால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு முனையும் மறுமுனையுடன் தொடர்பு கொண்டிருப்பதால், அதன் எட்டு விளக்குகளும் ஒழுங்காக வரிசையில் எரியும். தொடர்பு இருக்கிறதா என்பதை மட்டுமே அக்கருவி கேட்கிறது. குறிகை தெளிவாக வருகிறதா என்று கேட்பதில்லை.

கேபிளின் உலோகமும் கவனத்துக்குரியது. தரநிலைகள் முழுச் செம்புக் கம்பியைக் கோருகின்றன. சந்தையிலோ செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பிகளும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. அலுமினியத்தின் மின்தடை செம்பினுடையதைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். வளைத்தால் எளிதில் முறியவும் செய்யும். மூன்று மீட்டர் நீளத்தில் இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். சுவருக்குள் இழுத்து மாடிவரை கொண்டுசெல்லும் முப்பது நாற்பது மீட்டரில், அதுவும் கூர்மையாக மடக்கப்பட்ட மூலைகளில், அது சட்டகங்களைச் சிதைக்கும் அளவுக்கு வளரக்கூடும்.

பழைய வழக்கத்தின் எச்சம்

ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973-ல் தொடங்கி உருவாக்கிய ஈத்தர்நெட், விநாடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில், எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் இயங்கியது. ஒரு கணினி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் மோதல் ஏற்படும், இரண்டும் நிறுத்திவிட்டு ஒரு தற்செயலான இடைவெளிக்குப் பின் மீண்டும் முயலும். ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் இம்முறை அரை இருவழி எனவும், ஸ்விட்சுகள் வந்தபின் சாத்தியமான ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசும் முறை முழு இருவழி எனவும் வழங்குகின்றன.

அரை இருவழி முறை இன்று வழக்கொழிந்துவிட்டாலும், பின்வந்த கருவிகள் முன்வந்த கருவிகளுடன் பேச வேண்டும் என்ற கொள்கையால் விதிகளுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேகத்தைக் கூட்டும் எண்ணத்தில் யாரோ ஒருவர் பிணைய அட்டையின் அமைப்புகளுக்குள் சென்று தானியங்கி உடன்பாட்டை நீக்கிவிட்டு, 100 மெகாபிட், முழு இருவழி எனக் கட்டாயப்படுத்திவிட்டால், அந்த அட்டை தன் திறனை அறிவிப்பதை நிறுத்திவிடுகிறது. மறுமுனையிலுள்ள ஸ்விட்ச், வரும் குறிகையைப் பார்த்து அது 100 மெகாபிட் என்பதை ஊகித்துக்கொள்கிறது. இருவழி முறையை ஊகிக்க வழியில்லாததால், விதிப்படி அரை இருவழியைத் தேர்கிறது. இப்போது ஒரு பக்கம் நினைத்தபோதெல்லாம் பேசுகிறது. மறுபக்கம் அதை மோதலாகக் கருதித் தன் பேச்சைப் பாதியில் நிறுத்துகிறது. பாதியில் நின்ற சட்டகம் எதிர்முனையில் சிதைந்த சட்டகமாகப் பதிவாகிறது.

இப்பழுதை அடையாளம் காண்பது கடினம் என்பதற்குக் காரணம், வழக்கமான சோதனையில் அது தென்படாமல் போவதுதான். விநாடிக்கு ஒரு சிறு சட்டகத்தை அனுப்பி விடை வருகிறதா எனப் பார்க்கும் பிங் சோதனையில், இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேச நேர்வதில்லை. ஆகவே விடைகள் குறையின்றி வருகின்றன. பெரிய கோப்பு நகரத் தொடங்கியதும், ஒரு திசையில் தரவும் மறு திசையில் அதற்கான ஒப்புகைகளும் இடைவிடாமல் ஓட, மோதல்கள் பெருகி வேகம் வீழ்கிறது. அமைப்பை மீண்டும் தானியங்கி நிலைக்கு மாற்றுவதே தீர்வு. கிகாபிட் தரநிலை தானியங்கி உடன்பாட்டைக் கட்டாயமாக்கியிருப்பதால், இரு முனையும் கிகாபிட்டில் இயங்கும் இடத்தில் இந்தப் பழுதுக்கு இடமில்லை.

தொலைந்த சட்டகத்தின் விலை

சிதைந்து வரும் சட்டகத்தை ஈத்தர்நெட் சரிசெய்வதில்லை. பிழை கண்டறியும் நான்கு பைட்டுகள் பொருந்தவில்லையெனில், ஓசையின்றி அதைத் தள்ளிவிடுகிறது. இழப்பை உணர்ந்து மீண்டும் அனுப்பும் பொறுப்பு டிசிபியைச் சேர்ந்தது. அது இழப்பை ஈடுகட்டுவதோடு நில்லாமல் வேகத்தையும் குறைத்துக்கொள்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1986 அக்டோபரில், கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அதிலிருந்து சுமார் 400 கஜ தூரத்திலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தரவுப் போக்குவரத்து விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. நெரிசலால் தரவு தொலைந்தபோது, ஒவ்வொரு கணினியும் அதே தரவை மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலை மேலும் வளர்த்ததே காரணம் என்பதை வான் ஜேக்கப்சன் ஆராய்ந்து, மைக்கேல் கேரல்ஸுடன் இணைந்து தீர்வுகளை வகுத்து 1988-ல் வெளியிட்டார். அத்தீர்வுகளின் மையக் கருத்து, இழப்பு ஏற்பட்டால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு அனுப்பும் அளவைப் பாதியாகக் குறைப்பதும், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுவதும் ஆகும். இணையம் இன்றளவும் நெரிந்து நின்றுவிடாமல் இயங்குவதற்கு இந்தத் தன்னடக்கம் முதன்மையான காரணம்.

வீட்டு வலையமைப்பில் இதே தன்னடக்கம் வேறொரு விளைவைத் தருகிறது. சட்டகம் தொலைந்தது நெரிசலாலா, அரைகுறையாகக் கிரிம்ப் செய்யப்பட்ட பிளக்காலா என்பதை டிசிபியால் அறிய முடியாது. எதுவானாலும் அது வேகத்தைக் குறைக்கிறது. இழப்பை உடனடியாக உணரும் வாய்ப்பு தவறி, காத்திருப்புக் காலம் முடியும்வரை டிசிபி நிற்க நேர்ந்தால் விலை இன்னும் அதிகம். லினக்ஸ் அமைப்பில் அந்தக் காத்திருப்பின் குறைந்தபட்ச அளவு 200 மில்லிவிநாடி. வீட்டுக்குள் ஒரு சட்டகம் போய் ஒப்புகை திரும்பிவர ஒரு மில்லிவிநாடிகூட ஆவதில்லை என்பதை நோக்கினால் இது நெடிய நேரம். அந்த இடைவெளியில் முழு வேகத்தில் 23 மெகாபைட்டுக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆயிரம் சட்டகங்களில் சில சிதைந்தாலும் கோப்பு முழுமையாகவே போய்ச் சேரும், வேகம் மட்டும் கணிசமாகக் குறைந்துபோகும். பிணைய அட்டையும் நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சும் தத்தம் பிழை எண்ணிக்கையைப் பதிவுசெய்து வைக்கின்றன. கோப்பு நகரும்போது அந்த எண் ஏறிக்கொண்டே போனால், கேபிளை மாற்றிப் பார்ப்பதே அடுத்த வேலை.

கம்பியா, வட்டா

கேபிளைக் குறைகூறுவதற்கு முன் அதையும் வட்டையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும். ஐபெர்ஃப் என்னும் இலவச மென்பொருள் இதற்காகவே உள்ளது. அதன் இன்றைய வடிவமான ஐபெர்ஃப் 3, ஜேக்கப்சன் பணியாற்றிய அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தால் நடத்தப்படும் ஈஎஸ்நெட் வலையமைப்பினரால் உருவாக்கப்பட்டது. ஒரு கணினியில் அதைக் கேட்கும் நிலையிலும் மற்றொன்றில் அனுப்பும் நிலையிலும் இயக்கினால், ஒன்றின் நினைவகத்திலிருந்து மற்றொன்றின் நினைவகத்துக்கு மட்டுமே தரவு செல்கிறது; வட்டும் கோப்புப் பகிர்வு நெறிமுறையும் இதில் பங்கேற்பதில்லை. விடையாக 941 மெகாபிட் அல்லது அதை ஒட்டிய எண் வந்தால், கேபிள், ஸ்விட்ச், பிணைய அட்டை ஆகிய அனைத்தும் குற்றமற்றவை. தேடலை வட்டின் பக்கம் திருப்பலாம். 94 வந்தால் 100 மெகாபிட் இணைப்பு. 300, 500 என ஊசலாடும் எண் வந்தால் இழப்போ, திறன் குறைந்த செயலியோ காரணமாக இருக்கலாம். திசையை மாற்றியும் ஒருமுறை அளப்பது நல்லது, ஏனெனில் சில பழுதுகள் ஒரு திசையில் மட்டுமே தெரியும்.

வட்டின் பக்கம் திரும்பினால், சுழலும் ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியான பெரிய கோப்பைப் படிப்பதில் கிகாபிட் இணைப்புக்கு ஈடுகொடுக்கும். ஆனால் விளிம்பில் ஒரு சுற்றில் அடங்கும் தரவு மையத்தை ஒட்டிய தடங்களில் அடங்குவதைவிட அதிகம் என்பதால், வட்டு நிரம்ப நிரம்ப வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் வட்டைச் செருகி வீடு முழுவதற்கும் பகிரும் ஏற்பாட்டில், வட்டைவிட ரவுட்டரின் சிறு செயலியே பெரும்பாலும் தடையாக இருக்கும்; ஒரு கேபிளிலிருந்து இன்னொரு கேபிளுக்குச் சட்டகங்களைத் திருப்பிவிட ரவுட்டருக்குள் தனிச் சில்லு இருந்தாலும், கோப்பு அமைப்பைப் படித்து எழுதும் வேலையை அந்தச் செயலிதான் செய்தாக வேண்டும். மறையாக்கத்துடன் தரவை அனுப்பும் நெறிமுறைகளும் பழைய செயலிகளில் இதே போன்ற தடையாகின்றன. விண்டோஸ் 11-ன் 2024 வெளியீடு, பகிரப்படும் தரவு ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புக் கையொப்பம் இடுவதை இயல்பான கட்டாயமாக்கியிருப்பதால், நேற்றுவரை வேகமாக இயங்கிய பழைய சேமிப்புக் கருவி இன்று தளர்வதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆயிரம் சிறு கோப்புகள்

எல்லா அளவீடுகளும் சரியாக இருந்தும், புகைப்படச் சிறுபடங்களோ நிரல் கோப்புகளோ நிறைந்த ஒரு கோப்புறையை நகலெடுக்கும்போது மட்டும் வேகம் ஒன்றிரண்டு மெகாபைட்டுக்கு வீழ்வதைப் பலரும் காண்கின்றனர். இங்கே பழுது எதுவும் இல்லை. கணக்கின் அடிப்படை மாறுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் பெயரை உருவாக்கு, திற, எழுது, தேதியைப் பதி, மூடு என்பன போன்ற கட்டளைகள் வலையமைப்பில் சென்று விடையுடன் திரும்ப வேண்டும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கவும் செய்யும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகிறது. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்வதற்கும் ஏறத்தாழ அதே நேரம் பிடிக்கும். தலா 20 கிலோபைட் அளவுள்ள 10,000 கோப்புகளின் மொத்த அளவு 200 மெகாபைட். கம்பியின் கணக்கில் அது இரண்டு விநாடி வேலை. ஒவ்வொரு கோப்புக்கும் வட்டிலும் நெறிமுறையிலும் சேர்த்து 25 மில்லிவிநாடி செலவாவதாகக் கொண்டால், மொத்தம் 250 விநாடி, அதாவது விநாடிக்கு 0.8 மெகாபைட். கம்பியைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் இதில் மிச்சமாவது இரண்டு விநாடிக்கும் குறைவே.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு இத்தகைய சிறு உரையாடல்களால் நிறைந்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட அதன் கட்டளைகளை 2006-ல் வந்த இரண்டாம் பதிப்பு 19 ஆகச் சுருக்கிப் பல கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பவும் வழி செய்தது. முதல் பதிப்பை மட்டுமே அறிந்த பழைய சேமிப்புக் கருவிகள் தளர்வாக இயங்குவதோடு, 2017-ல் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை தீநிரல் நுழைந்த ஓட்டையும் அந்தப் பதிப்பிலேயே இருந்தது என்பதால், வேகம், பாதுகாப்பு ஆகிய இரண்டு காரணங்களுக்காகவும் அவற்றைக் கைவிடுவது தகும். சிறு கோப்புகளுக்கு எளிய தீர்வு, அவற்றை முதலில் ஒரே ஸிப் கோப்பாகத் திரட்டி அனுப்புவது. அல்லது விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி போன்ற கருவியால் பல கோப்புகளை ஒரே நேரத்தில் இணையாக நகர்த்தி, ஒன்றின் காத்திருப்பில் மற்றொன்றின் வேலையை முடிப்பது.

வழிமாறிய தரவும் வீண் திருத்தமும்

கேபிள் செருகப்பட்டிருப்பதாலேயே தரவு அதன் வழியாகத்தான் செல்கிறது என்று கொள்வதற்கில்லை. மடிக்கணினியில் வைஃபையும் இயங்கிக்கொண்டிருந்தால், இயங்குதளம் சில சூழல்களில் அந்த வழியைத் தேர்ந்துவிடக்கூடும். வைஃபையை அணைத்துவிட்டு அளப்பதே இதற்கான சோதனை. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றின் லேன் துளைகள் 100 மெகாபிட் வேகமே உடையவை என்பதும் மறக்கத்தக்கதன்று. அந்த ரவுட்டரின் இரு துளைகளில் இரண்டு கிகாபிட் கணினிகளைச் செருகினால், எவ்வளவு தரமான கேபிளும் வேகத்தைக் கூட்டாது. கணினிகள் இரண்டையும் ஒரு கிகாபிட் ஸ்விட்சில் செருகி, ஸ்விட்சிலிருந்து ஒரே கேபிளை ரவுட்டருக்குக் கொண்டுசென்றால், கோப்புகள் ஸ்விட்சுக்குள்ளேயே முழு வேகத்தில் திரும்பிவிடும். இணையத்துக்குச் செல்லும் தரவு மட்டும் ரவுட்டரை அடையும்.

சட்டகத்தின் உள்ளடக்கத்தை 1500-லிருந்து 9000 பைட்டாக உயர்த்தும் ஜம்போ அமைப்பு பலராலும் பரிந்துரைக்கப்படுகிறது. முன்கண்ட கணக்கை மீண்டும் செய்தால் திறன் 94 விழுக்காட்டிலிருந்து 99 விழுக்காடாக உயரும், அதாவது ஆதாயம் ஐந்து விழுக்காடு. வழியிலுள்ள கருவிகளில் ஒன்றேனும் அந்த அளவை ஏற்காவிட்டால் பெரிய சட்டகங்கள் ஓசையின்றித் தள்ளப்பட்டு, சிறு செய்திகள் மட்டும் சென்று பெரிய கோப்புகள் உறைந்து நிற்கும் புதிய பழுது பிறக்கும். வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும் வலையமைப்பில் ஐந்து விழுக்காட்டைத் தேடுவது முறையான தொடக்கமாகாது.

தேடலின் ஒழுங்கு

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் தேடலுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. முதலில் ஒரே பெரிய கோப்பை நகலெடுத்து, நிலைத்த வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து இரு கணினிகளிலும் இணைப்பு வேகம் 1000 என்று காட்டப்படுகிறதா எனப் பார்க்க வேண்டும். 100 எனில் அந்தப் பக்கத்துக் கேபிளும் துளையும் முதல் ஐயத்துக்குரியவை. பிறகு ஐபெர்ஃப் கொண்டு நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு இரு திசையிலும் அளந்து, விடை குறைவாயின் வழியிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளக்க வேண்டும்; இரண்டை ஒருசேர மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமலே போகும். விடை நிறைவாயின் வட்டுகளைத் தனித்தனியே சோதித்து, இறுதியில் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தனை படிகள் தேவைப்படுவது வலையமைப்பு மோசமாக வடிவமைக்கப்பட்டதால் அன்று. கம்பி அறுந்தால் குறைந்த வேகத்துக்கு இறங்கும் சில்லு, மறுமுனை பேசாவிட்டாலும் ஊகித்து இணையும் ஸ்விட்ச், தொலைந்ததை மீண்டும் அனுப்பி அடக்கிவாசிக்கும் டிசிபி என ஒவ்வோர் அடுக்கும், எது நேர்ந்தாலும் தரவு போய்ச் சேர வேண்டும் என்னும் ஒரே இலக்குடன் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த இலக்கு நிறைவேறும்போது கீழடுக்கின் பழுது மேலடுக்கின் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. வேகக் குறைவு என்ற ஒரே வடிவில் எல்லாப் பழுதுகளும் ஒன்றுபோல் வெளிப்படுகின்றன. ஆகவே நோய்க்குறியிலிருந்து காரணத்தை ஊகிப்பதைவிட, அடுக்குகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் அதன் கணக்கிட்ட உச்சவரம்போடு ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

அவ்வாறு ஒப்பிட்டுக் கடைசித் தடையையும் நீக்கிய பின்னும் வேகம் போதவில்லை எனில், 2016-ல் வெளிவந்து பழைய கேபிள்களிலேயே இயங்கும் 2.5 கிகாபிட் தரநிலையை நாடலாம். அப்போது உச்சவரம்பு விநாடிக்கு 290 மெகாபைட்டை ஒட்டி உயரும், சங்கிலியின் மிக மெதுவான கண்ணி என்ற இடம் சுழலும் வட்டுக்குச் செல்லும். கணக்கிட்ட எல்லையும் அளந்த வேகமும் ஒன்றையொன்று நெருங்கிய இடத்தில் பழுது தேடும் வேலை முடிகிறது. அதற்கு மேல் வேண்டுவதைப் பழுதுபார்த்துப் பெற முடியாது, கருவியை மாற்றித்தான் பெற வேண்டும்.